பச்சைக் கோடு

விருத்தாசலத்தில் ஸ்வெட்டர் விற்கிறவன் பிழைக்க முடியாது. மார்கழியில் விடிகாலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் காதைச் சுற்றி ஒரு மப்ளர் கட்டிக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் அதையே அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊருக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். அந்த ஊர்க்காரன் ஜனவரி மாதம் லடாக்குக்குப் போனால் அவனுக்கு மூளை கொஞ்சம் குறைவு என்றுதான் எவரும் நினைப்பார்கள். நினைத்தார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

என் பெயர் சக்கரபாணி. இங்கே ஒரு சின்ன பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்கிறேன். சூளையின் சூட்டை இப்போதெல்லாம் கையடக்கமான ஒரு துப்பாக்கியால் பார்க்கிறோம். அழுத்தினால் சிவப்பு லேசர் புள்ளி போய் விழும். அந்த இடத்தின் சூடு சின்னத் திரையில் தெரியும். பொல்லாத சாதனம் அது. தானே சூடேறிவிட்டால் பொய் சொல்லத் தொடங்கிவிடும். அதனால் சூளையில் நிற்கிறவர்கள் யாரும் அதை இடுப்பிலோ மடியிலோ செருகிக்கொள்வதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்: லேசரை உடம்புச் சூடு படாமல் வை. வெளியே தொங்குகிற பையில் வை. நாளடைவில் கை தானாக அங்கே போகும். பேனாவைக்கூட நாங்கள் அப்படித்தான் வைக்கிறோம்.

அந்தத் துப்பாக்கியை நான் வீட்டுக்கும் கொண்டுவருவேன். காபியைக் குடிக்கும் முன் அதன்மேல் ஒரு முறை சுட்டுப் பார்ப்பேன். தோசைக்கல்லைச் சுடுவேன். ஒரு தடவை என் மனைவி மதிவதனிக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் நெற்றியில் சுட்டேன். சூளையை அளக்கிற சாதனத்துக்கு மனிதக் காய்ச்சல் ஒரு பொருட்டே இல்லை. உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். டைபாய்டு.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவன் விருத்தகிரி, மதிவதனியின் தம்பி. கிரி என்போம். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். இன்சூரன்ஸ் வேலை, கட்டைப் பிரம்மச்சாரி, வாயைத் திறந்தால் கூட்டம் கூடும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரிலிருந்து முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பரிமாற வந்த பாயச வாளியைக் குறி பார்த்தான்.

"இருங்க இருங்க. மாமா இன்னும் பர்மிஷன் குடுக்கல. பாயசம் வேகலன்னு சொல்றாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அதையும் நடித்துக் காட்டுவான். மதிவதனி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என்னைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள். ஒரு மனிதன் தன் வீட்டில் சிரிப்பு இருப்பதற்காக நன்றியோடு இருக்க வேண்டும். நான் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிரிக்கு நட்சத்திரப் பைத்தியம். பேனா மாதிரி இருக்கும் ஒரு பச்சை லேசரை வாங்கி, மொட்டைமாடியில் அக்கம்பக்கத்தாருக்கு வானத்தைக் காட்டுவான். பச்சைக் கோடு நேராகப் போய் நட்சத்திரத்தையே தொடுவது போலிருக்கும். லடாக்கில் உறைந்த ஏரியின் நடுவில் நின்று பொழுது சாய்வதைப் படமெடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்று பேரும் கிளம்பினோம். உயரம் ஒத்துக்கொள்ளாமல் மதிவதனி லே நகரத்திலேயே தலைவலியோடு படுத்துவிட்டாள். நானும் அவனும் மட்டும் ஏரிக்கரைக்குப் போய் ஒரு வீட்டில் தங்கினோம்.

வீட்டுக்காரர் நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களை வைத்துப் பிழைப்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது. கிரிக்கு இந்தி தெரியாது. நான் இளவயதில் குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் இருந்தவன், எனக்கு இந்தி வரும். அவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். இந்தக் குளிரில் பச்சை லேசர் எரியாது. வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். நெஞ்சோடு ஒட்டி, உள்சட்டைக்குள் வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் எடுக்க வேண்டும். சாயங்காலம் ஏரிமேல் மூடுபனி இறங்கும். டார்ச் அடித்தால் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். லேசர் மட்டும்தான் கோடாகத் தெரியும். குரலை நம்பி நடக்கக் கூடாது. மலைகள் குரலைத் திருப்பி எறிந்துவிடும்.

"என்னா சொல்றாரு மாமா?"

"பத்திரமா இருக்கச் சொல்றாரு."

"அதுக்கா இம்மாம் நேரம்? உங்க இந்தியும் உங்க துப்பாக்கி மாதிரிதான் போல."

பிறகு லேசரை அவனே என் கையில் கொடுத்தான். அவன் ஏரியின் நடுவில் இருக்கும்போது மூடுபனி வந்தால், கரையில் நின்று பச்சையைக் காட்டச் சொன்னான். கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவானாம். முக்கியமான வேலையை என்னிடம் அவன் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

அவன் கிடைத்தது மறுநாள் காலையில், எங்கள் கரைக்கு நேர் எதிர்த் திசையில். உட்கார்ந்திருந்தான். கேமரா மடியில் இருந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் சின்னப் பையன் போலிருந்தார். லேசர் எங்கே என்று கேட்டார். என் மேல்கோட்டின் வெளிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அழுத்திப் பார்த்தார். எரியவில்லை. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடம் சொன்னேனே என்றார், கோபமில்லாமல்.

நான் சூளையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் லேசர் என்றால் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டிய பொருள். எத்தனையோ வருடப் பழக்கம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, கை கேட்கவில்லை. சொல்லும்போது அழுகை வந்தது. அந்த அழுகை நிஜம். போலீஸ்காரர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சூட்டிலேயே வாழ்ந்தவர்களுக்குக் குளிர் புரியாது என்றார். வீட்டுக்காரர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

ஊரிலும் அப்படியே ஆயிற்று. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த மதிவதனியின் அத்தை கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஒரு பேனாவை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவனை நம்பிப் பிள்ளையை அனுப்பினீர்களே என்றாள். பதில் சொன்னவள் மதிவதனி. அழுது அழுது அவள் குரல் போயிருந்தது.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை. சூளைய வுட்டா அவருக்கு என்னா தெரியும்? பழக்கத்துல வெளிய வச்சிட்டாரு. கிரி இருந்திருந்தா இதயும் நடிச்சிக் காட்டி நம்மள சிரிக்க வச்சிருப்பான்."

ஆக, என்னைக் காப்பாற்றியது என் முட்டாள்தனத்தைப் பற்றி அவன் ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்த பெயர்தான். அவன் அவ்வளவு உழைத்திருக்காவிட்டால் யாராவது இரண்டாவது கேள்வி கேட்டிருப்பார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. யாரும் சிரிப்பதே இல்லை. என்னைப் பற்றி நானே ஒன்றிரண்டு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். மதிவதனி என் தலையைத் தடவி, நீங்க உங்கள நொந்துக்காதீங்க என்றாள். அவள் அவ்வளவு பிரியமாக என்னிடம் பேசிய காலம் இதற்கு முன் கிடையாது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பிரியத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

லேசர் வெளிப் பையில் இருக்கவில்லை. உள்சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் செய்திருந்தேன்.

சூரியன் மறைந்ததும் மூடுபனி ஏரியின் மேல் பால் கொட்டியது போல் பரவியது. கிரியின் போன் வெளிச்சம் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்து, அணைந்தது. பனிக்குள்ளிருந்து அவன் சத்தமாகக் கூப்பிட்டான்.

"மாமா, பச்சைய காட்டுங்க. இல்ல, அதுக்கும் சூடு பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

லேசரை வெளியே எடுத்தேன். உடம்பைப் போலவே கதகதப்பாக இருந்தது. உள்ளங்கைக்குள் வைத்து மூடி, ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். விரலிடுக்குகளெல்லாம் பச்சையாகத் தெரிந்தன. நன்றாக எரிந்தது. அணைத்தேன். கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பந்தியில் நான் தவித்த அளவுக்குத்தான். அதற்கு மேல் இல்லை.

மறுபடி அழைத்தான். அதிலும் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. பிறகு வெகுநேரம் சத்தமில்லை. அப்புறம் வந்த குரலை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"மாமா. பயமா இருக்குது மாமா. நீங்க இருக்கீங்கதான?"

அதில் கேலி துளியும் இல்லை. என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அம்மாவோ, மனைவியோ, சூளையில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களோ. அந்த ஏரி, அந்த மலை, அவ்வளவு குளிர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருவனுக்கு என்னைத் தவிர வேறு யாருமில்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தப் போனேன். அதற்கு முன் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

கேட்டேன். இந்த முறை தூரத்திலிருந்து வந்தது. வெறும் மாமா மட்டும். இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு நின்றேன். அது வரவில்லை. லேசரை மேல்கோட்டின் வெளிப் பைக்கு மாற்றினேன். கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு, வீட்டை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை. இதை மதிவதனி நம்ப வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் காட்டியிருப்பேன். அவன்தான் கூப்பிடவில்லை.