பொண்ணு இல்லாத வீட்டு மாப்பிள்ளை

வில்லியனூரிலிருந்து சுத்துக்கேணி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் போய்விட்டது.

"எனக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்கதான். ஆனா கொரோனாவுல எங்க வூட்டுல மாப்ள வந்து தங்குனாரு."

"இன்னாடி ஒளர்ற? பொண்ணு இல்லாம ஏதுடி மாப்ள?"

"கரும்பு வெட்ட வந்த சிலோன் பையன்க்கா. லாக்டவுன் போட்டதும் மேஸ்திரி அம்போன்னு வுட்டுட்டுப் பூட்டான். பையன்கிட்ட ஆதாரும் இல்ல, அகதி கேம்ப் கார்டும் இல்ல. போலீஸ்காரரு வந்து யாருன்னு கேட்டாரு. பயத்துல, மாப்ள சார், விருந்துக்கு வந்து மாட்டிக்கிட்டாருன்னுட்டேன்."

"அடிப்பாவி!"

"அப்புறம் போலீஸ் பைக் சத்தம் கேட்டா போதும், மாடு கழுவிக்கினு இருக்கறவன இஸ்துகினு வந்து சேர்ல குந்த வெச்சு காபி குடுப்பேன். தெருவே 'வாங்க மாப்ள'ன்னும். ஒரு நாளு அந்தப் போலீஸ்காரரு, 'மாப்ளைக்குக் கோழி அடிக்கலியாமா'ன்னு கேட்டாரு பாரு, முட்ட போடுற கோழியே போச்சு!"

"இப்ப எங்க அவன்?"

"கார்டு இல்லாதவன் எங்க போவான்? போன வாரம் அதே போலீஸ்காரரு எங்க ரெண்டு பேரையும் சந்தையில பாத்துட்டு, 'இன்னாமா, லாக்டவுன் முடிஞ்சு எத்தினி வருசமாச்சு, மாப்ள இன்னும் ஊருக்குப் போவலியா'ன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"வூட்டோட மாப்ள சார்னுட்டேன்."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் பஸ் வேகம் குறைந்தது. படிக்கட்டருகே தவிட்டு மூட்டையோடு நின்றிருந்தவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"மாமி, இறங்குங்கோ. எங்கட ஊர் வந்திட்டுது."