உடுப்புக் கொடியும் சிங்கப்பூர்ச் சேர்வரும்

ஜீவராணி: ...உடுப்புக் காயப்போடுற போன் ஆப்புக்குத் தலைவர்ட படம் என்னத்துக்கு?

சாந்தகுமார்: நான் பிளாட் சங்கத் தலைவரெல்லே, ஜீவராணி. திறந்த உடனே படம்... கீழ ஒரு வரவேற்புரை...

ஜீவராணி: ஆறு வீடு. ரெண்டு கொடி. ஆர் எப்ப காயப்போடுறது எண்டு பதியிறதுக்கு வரவேற்புரை.

சாந்தகுமார்: சின்னதா... ஒரு பக்கம்.

ஜீவராணி: அதை வாசிச்சு முடிக்க உடுப்புக் காய்ஞ்சிடும்.

சாந்தகுமார்: சரி, படத்தை விடுவம். பேரை மாத்தோணும்.

ஜீவராணி: திரும்பவுமா? ‘கொடி’ நல்ல பேர்தானே.

சாந்தகுமார்: ‘மேல்மாடி உலர்த்தல் முகாமைத்துவத் தொகுதி’.

ஜீவராணி: போன் திரை கொள்ளாது.

சாந்தகுமார்: சுருக்கிப் போடுங்கோ. மே.உ.மு.தொ.

ஜீவராணி: ஆரோ தும்மின மாதிரி இருக்கு.

சாந்தகுமார்: ம்... நாங்கள் பதியிறதெல்லாம் எங்க போய் நிக்குது எண்டு சொன்னீங்கள்?

ஜீவராணி: கிளவுட்டில. எங்களிட்டச் சொந்தமா சேர்வர் இல்லைத்தானே... வேற ஒரு கொம்பனியின்ர கம்பியூட்டர்ல கொஞ்ச இடம் எடுத்திருக்கிறன். ஒராள் பதிஞ்சா மற்ற ஆக்கள்ட போன்ல உடனே தெரியும்.

சாந்தகுமார்: கிளவுட் எண்டா மேகம்.

ஜீவராணி: ஓம்.

சாந்தகுமார்: உடுப்புக் காயப்போடுற விசயத்தை மேகத்திலயோ கொண்டுபோய் வைக்கிறது?

ஜீவராணி: இந்தப் பகிடியைப் போன மாசமும் சொன்னனீங்கள்.

சாந்தகுமார்: போன மாசமும் சிரிச்சனீங்கள்.

ஜீவராணி: ...தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

சாந்தகுமார்: அந்தக் கம்பியூட்டர் எந்த ஊரில?

ஜீவராணி: மும்பாயில.

சாந்தகுமார்: சிங்கப்பூருக்கு மாத்த ஏலாதா?

ஜீவராணி: மும்பாய்க்கு என்ன குறை?

சாந்தகுமார்: குறையில்லை... கூட்டத்தில எழும்பி, ‘எங்கட சேர்வர் சிங்கப்பூரில’ எண்டு சொன்னா ஒரு இது இருக்கும்.

ஜீவராணி: அப்ப எல்லாத்தையும் முதலில இருந்து செய்யோணும்.

சாந்தகுமார்: எவ்வளவு நாள் எடுக்கும்?

ஜீவராணி: உங்களுக்கு எவ்வளவு நாள் வேணும்?

சாந்தகுமார்: ...கெதியா முடிக்கோணும் எண்டுதான் கேட்டனான்.

ஜீவராணி: ஓம், ஓம்.

சாந்தகுமார்: இல்லை, கீழ்வீட்டு உம்மு குல்தூம் அக்கா படியில மறிச்சுக் கேக்கிறா, ஒரு கொடிக்கு இவ்வளவு மாசமா எண்டு.

ஜீவராணி: நீங்கள் என்ன சொன்னீங்கள்?

சாந்தகுமார்: பாதுகாப்பு சம்பந்தமான வேலை, பொறுமை வேணும் எண்டன்.

ஜீவராணி: சாந்தன்...

சாந்தகுமார்: தலைவர் எண்டுதானே கூப்பிடுறனீங்கள்.

ஜீவராணி: இந்த வேலை முடிஞ்சா நீங்கள் பின்னேரத்தில இந்த மொட்டைமாடிக்கு...

சாந்தகுமார்: பொறுங்கோ, ரயில் போகட்டும்... கேக்கேல்ல.

ஜீவராணி: இந்த வேலை முடிஞ்சா வரமாட்டீங்கள், என்ன?

சாந்தகுமார்: வாறதுக்கு ஒரு காரணம் இருக்கோணுமே... சனம் கதைக்கும். நீங்கள் தனிய இருக்கிற ஆள்.

ஜீவராணி: நீங்களும்தானே.

சாந்தகுமார்: நான் தலைவர்.

ஜீவராணி: தலைவர் எண்டா தனிய இல்லையா?

சாந்தகுமார்: ...வீட்டுக்குள்ள போனா ஆரும் எழும்பி நிண்டு வணக்கம் சொல்றதில்ல, ஜீவராணி.

ஜீவராணி: ம்... நான் ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது.

சாந்தகுமார்: சொல்லுங்கோ.

ஜீவராணி: ஆப் எப்பவோ முடிஞ்சுது.

சாந்தகுமார்: எப்ப?

ஜீவராணி: போன மாசமே எல்லா வீட்டுக்கும் லிங்க் அனுப்பிட்டன். உங்களுக்கு மட்டும்தான் அனுப்பேல்ல. நீங்கள் வாற நேரம் பார்த்து, சும்மா இந்த லாப்டொப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறனான்.

சாந்தகுமார்: ...எல்லாரும் பதியினமோ?

ஜீவராணி: எல்லாரும். உம்மு குல்தூம் அக்காதான் ஒவ்வொரு நாளும் முதல் ஆள். அவ எப்பிடி உங்களைப் படியில மறிச்சுக் கேட்டவ?

சாந்தகுமார்: கேக்கேல்ல... மறிச்சு லிங்கைத் தந்தவ. அண்டையில இருந்து என்ர சாரம், சேட்டெல்லாம் அவவின்ர பேரில பதிஞ்சுதான் காயுது.