பங்குக் கூடை

எல்லம்மா: அதுக்குள்ள இன்னா தோணியைத் தள்ற? நில்லுய்யா.

துளசிங்கம்: கையை எடு. உலாந்தா வெள்ளைக்காரன் கோட்டையில மணி அடிச்சு எந்நேரமாச்சு. வெயில்ல மீனு வெந்துபூடும்.

எல்லம்மா: எங்க போற?

துளசிங்கம்: கஞ்சிக் கொட்டாய்க்குத்தான், வேற எங்க. ஊரு சீட்டு குலுக்கிப் போட்டதுல இன்னிக்கு நம்ம பாடு, நம்ம மொறை. அந்தத் துறையில இன்னிக்குப் பூரா வலை நம்முது. வர்ற மீனெல்லாம் தருமத்துக்குனு அம்மன் முன்னால என்னைச் சொல்ல வெச்சது யாரு?

எல்லம்மா: நான்தான். இப்ப நானே சொல்றேன். வேணாம்.

துளசிங்கம்: வேணாமா...

எல்லம்மா: ஒரு செதிலு கூட அங்க போவக் கூடாது.

துளசிங்கம்: எல்லம்மா, நீதான் பேசறியா? வயக்காட்டுப் பக்கம் மழையில்ல, சனம் புள்ளகுட்டியோட நடந்து வருது, தரகர் வீரய்யா கொட்டாய் போட்டுக் கஞ்சி ஊத்தறாரு, நாம கொழம்புக்கு மீனாவது தரலாம்னு கோட்டைக்குப்பத்துல வூடு வூடா ஏறி எறங்கினவ நீ. என்னைத் தூங்கக் கூட வுடல.

எல்லம்மா: சொன்னேன். வாய் வலிக்கச் சொன்னேன். தோணியைக் குடு.

துளசிங்கம்: எதுக்கு?

எல்லம்மா: தோணிரேவு போவணும். லோகநாயகி வூட்டுக்கு. அவளுக்கு ஒடம்பு சரியில்ல.

துளசிங்கம்: உன் தங்கச்சிக்கா? நேத்து சந்தையில நாலு பேரை நிக்க வெச்சுத் திட்டிக்கினு இருந்தா.

எல்லம்மா: நேத்து நல்லாத்தான் இருந்தா... யோவ், கூடையைத் தொடாத.

துளசிங்கம்: தோணியில ஏத்தத்தான். அப்பா, இன்னா கனம்.

எல்லம்மா: தொடாதன்னேன்ல. கருவாடு. அவளுக்குத்தான்.

துளசிங்கம்: காய்ச்சக்காரிக்குக் கருவாடா?

எல்லம்மா: நீ மொதல்ல அந்த வலையைத் தூக்கு. எத்தினி மீனு கீதுனு பாக்கறேன்.

துளசிங்கம்: வலையில கை வெக்காத.

எல்லம்மா: ஏன்?

துளசிங்கம்: கெளுத்தி. முள்ளு ஏறிடும்.

எல்லம்மா: கெளுத்தி பாக்காம வளந்தவளா நானு.

துளசிங்கம்: இது பெருசு... சரி, கொட்டாய்க்கு ஏன் வேணாம்? அதைச் சொல்லு.

எல்லம்மா: காலையில பக்கத்து வூட்டுப் பங்கைக் கொண்டு போயிக் கொட்டிட்டு வந்தேனா, பாதி வழியில பாத்தா கூடை இல்ல. அங்கயே மறந்துட்டேன். திரும்பிப் போனேன்.

துளசிங்கம்: திரும்பியா? குடுத்துட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுனு உனக்குத் தெரியாதா?

எல்லம்மா: அதான்யா நம்ம வழக்கம். பின்பக்கம் வெச்சமா, வந்தமானு இருக்கணும். பசிச்சவன் சாப்புடற மொகத்தைப் பாத்தா கண்ணு பட்டுடும். இத்தினி நாளா நம்ம ஆளுங்க ஒருத்தரும் பாக்கல. யாரு சாப்புடறாங்க, சாப்புட்டு எங்க போறாங்கனு யாருக்கும் தெரியாது.

துளசிங்கம்: எங்க போறாங்க?

எல்லம்மா: பின்னால வேலி கீது. ஆளு உசரத்துக்கு. உள்ள வெச்சு வீரய்யா நல்லா சோறு போடறான். கன்னத்துல கொஞ்சம் சதை வந்ததும் படகுல ஏத்திடறான். மொகத்துவாரத்துக்கு அந்தாண்ட கப்பல் நிக்குது பாரு, அதுக்கு. கடல் தாண்டி விக்கறாங்கய்யா அவங்களை. நம்ம மீனுதான் இரை. அவன் தூண்டில் போட்டான், நாம கோத்துக் குடுத்தோம். மீனு வாசனைக்குத்தானே அத்தினி சனமும் வந்துச்சு. நானு, வூடு வூடா போயி...

துளசிங்கம்: அழுவாத.

எல்லம்மா: அழுவல. தோணியைக் குடு.

துளசிங்கம்: கோட்டையில போயிச் சொன்னா?

எல்லம்மா: நம்ம பேச்சு உள்ள போறதுக்குள்ள கப்பல் பாய் விரிச்சுடும். தோணியைக் குடுய்யா.

துளசிங்கம்: தர முடியாது. நான் கொட்டாய்க்குப் போயே ஆவணும்.

எல்லம்மா: இவ்ளோ சொல்லியுமா? வீரய்யா உன் தோணிக்குப் பாய்த்துணி குடுத்தாரே, அந்த விசுவாசமா?

துளசிங்கம்: மெதுவா பேசு. கொட்டாய்க் காவக்காரன் வர்றான். சின்னதம்பி.

சின்னதம்பி: இன்னாண்ணே, மீனு வரலையேனு கேக்கறாங்க.

துளசிங்கம்: வந்துக்கினே கீறேன் தம்பி.

சின்னதம்பி: காலையில ஒரு பொம்பள படகுலருந்து குதிச்சுட்டா. இன்னிக்கு நீ வலை போட்ட துறைப் பக்கந்தான். கண்ணுல பட்டாளா?

எல்லம்மா: அவரு எங்க பாத்தாரு. வெள்ளி மொளைக்கறப்பவே கரை ஏறிட்டாரு. அப்பலருந்து ரெண்டு பேரும் இங்கதான் வலை ஒதறிக்கினு கீறோம்.

சின்னதம்பி: நீ கொட்டாய்ப் பக்கம் வந்தியேக்கா.

எல்லம்மா: கொட்டிட்டு ஓடியாந்துட்டேன். அங்க நின்னு இன்னா பண்ணப் போறேன்.

சின்னதம்பி: கூடையில இன்னா?

துளசிங்கம்: அழுவின நண்டு. தூண்டிலுக்கு வெச்சது.

சின்னதம்பி: காட்டு, பாக்கலாம்.

துளசிங்கம்: தாராளமா பாரு. அப்பால அந்த நாத்தத்தோட தரகர் முன்னால போயி நில்லு. கஞ்சித் தொட்டியைக் கழுவ வெச்சுடுவாரு உன்னை.

சின்னதம்பி: நீயே வெச்சுக்க... அந்தப் பொம்பளையப் பாத்தா ஒரு கொரல் குடுண்ணே.

துளசிங்கம்: குடுக்கறேன், குடுக்கறேன்.

எல்லம்மா: ...போயிட்டானா?

துளசிங்கம்: தாழம்பொதரு தாண்டிட்டான்.

எல்லம்மா: அழுவின நண்டா?

துளசிங்கம்: நீ மட்டும் இன்னா. வெள்ளி மொளைக்கறப்ப கரை ஏறினேனாம்.

எல்லம்மா: எனக்காக எதுக்குப் பொய் சொன்னே?

துளசிங்கம்: கூடை அசைஞ்சுது. கருவாடு அசையுமா?

எல்லம்மா: உன் வலை இருமிச்சு. கெளுத்தி இருமுமா? அவளா? குதிச்சவளா?

துளசிங்கம்: வலையை இஸ்தேன். இன்னிக்கு நல்ல பாடுனு நெனைக்கற அளவுக்குக் கனம். பாத்தா ரெண்டு கை, கண்ணியைப் புடிச்சுக்கினு. அப்பால எங்க மீனு புடிக்கறது. ஒண்ணு கூட இல்ல.

எல்லம்மா: என்கிட்ட சொல்லக் கூடாதா?

துளசிங்கம்: கொட்டாயைக் கோயில் கணக்கா கும்புடறவகிட்ட இன்னானு சொல்வேன்? நேரா வீரய்யாகிட்டயே போயிக் கேப்பே.

எல்லம்மா: நானும் உன்னை அப்படித்தான் நெனச்சேன். அம்மன் முன்னால வாக்கு குடுத்த மனுசன், கேக்க மாட்டாருனு... சரி, தள்ளு. லோகநாயகி வூட்டுல எடம் கீது. அவ புருசனும் வாய் தொறக்க மாட்டான்.

துளசிங்கம்: தள்ளலாம். இவ வரமாட்டேங்கறாளே.

எல்லம்மா: ஏன்?

துளசிங்கம்: கொட்டாய்க்கே திரும்பிப் போவணும்ன்றா. பொண்ணு அங்கயே நின்னுபூட்டுதாம். படகுல எடமில்ல, அடுத்த தடவைனு பிரிச்சுட்டானுங்களாம். அதுக்குத்தான் குதிச்சிருக்கா. நான் மீனு குடுக்கற சாக்குல உள்ள பூந்து தேடலாம்னு பாத்தேன். நீ வழி மறிச்சுக்கினு நிக்கற.

எல்லம்மா: மீனில்லாம எந்த சாக்குல உள்ள போவே?

துளசிங்கம்: அதைத்தான் யோசிச்சுக்கினு இருந்தேன். நீ வந்து கெளுத்தியைக் காட்டுன்ற.

எல்லம்மா: இனிமே அங்க மீனே போவ வேணாம். நாளையிலருந்து நம்ம கரையிலயே கஞ்சிக்கு ஒலை வெக்கறோம். வர்றவங்களைக் குந்த வெச்சு, நாமளே பரிமாறி, எந்த ஊரு, பேரு இன்னா, கூட வந்தது யாருனு கேட்டுக் கேட்டுப் போடறோம். நேத்து வந்த மொகம் இன்னிக்குக் காணலைனா எங்கனு தேடறோம்.

துளசிங்கம்: கண்ணு பட்டுடுமே.

எல்லம்மா: படட்டும். பாக்காததுலதான் இத்தினி பேரு போயிட்டாங்க... யோவ், இவ பொண்ணு பேரு இன்னானு கேளு.

துளசிங்கம்: இப்ப எதுக்கு அது?

எல்லம்மா: கேளுய்யா.

துளசிங்கம்: பச்சையம்மாவாம். சின்னதாம், நடந்து நடந்து கால் வெடிச்சுக் கெடக்குமாம். அந்தக் கூட்டத்துல அதை எப்படிக் கண்டுபுடிக்கறது, சொல்லு.

எல்லம்மா: மறந்த கூடையை எடுக்கப் போனேன்னேன்ல, தூக்கினா கனத்துச்சு. உள்ள பூந்து ஒளிஞ்சுக்கினு இருந்துச்சு ஒண்ணு. எவ்ளோ கேட்டும் பேரு சொல்லல. அம்மா கப்பலுக்குப் போயிடுச்சுனு மட்டும் சொல்லிச்சு... வலையைத் தூக்குய்யா. பச்சையம்மா, மூடியைத் தள்ளிட்டு எழுந்துரு கண்ணு. உங்கம்மா கப்பல்ல இல்ல.