நான்காவது இலக்கம்

இந்த மேசையின் ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது, அதனால் சொன்னேன். இருபது வருடம் தராசின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு, ஆடுகிற மேசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

எங்கள் மலையின் மேல்சரிவு ஒரு காலத்தில் முழுக்கப் புல். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கீழிருந்து புதர் ஏறி வந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து அடிதான், ஆனால் நிற்பதில்லை. புல் போய்ப் புதர் வந்தால் அடியில் இருக்கும் மண்ணுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. நாற்பது இடங்களில் இரும்பு முளை அடித்து வைத்திருந்தோம். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முளையின் பக்கத்திலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைப் பையில் கட்டி ஜீப்பில் கொண்டுவருவோம். தழைச்சத்து, மணிச்சத்து, எடை எல்லாம் என் பொறுப்பு. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் என் மைத்துனன் பொறுப்பு.

அவன் என் மனைவியின் தம்பி. நான்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். நாற்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாமல், மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாளெல்லாம் மண் சலிப்பதால் நிலையத்தில் எல்லோரும் அவனைச் சல்லடை என்பார்கள். அவனே தொலைபேசியை எடுத்து, "சல்லடை பேசுறேன்" என்பான். நல்லவன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஒரு பிடி மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க முடியாது. அதனால் மண்ணை இரண்டு பங்காக்குவோம். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைக் கண்ணாடிச் சாடியில் குளோரோஃபார்ம் ஆவியில் ஒரு நாள் அடைத்து வைப்போம். உள்ளே இருப்பதெல்லாம் செத்து உடைந்து, உடம்பில் இருந்தது மண்ணில் கலந்துவிடும். இரண்டு பங்கையும் அளந்து கழித்தால், உயிரோடு இருந்தது எவ்வளவு என்று வந்துவிடும். "செத்ததுக்கு அப்புறம்தான் மாமா இவங்களுக்குக் கணக்கும் மரியாதையும்" என்று சேர்ந்த முதல் வாரம் சொல்லிச் சிரித்தான். பிறகு பதினைந்து வருடம் அதையேதான் செய்தான்.

அவன் அறையும் என் அறையும் அடுத்தடுத்து. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்த ஆவியை வெளியே தள்ள அவன் அறையில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் விசிறி உண்டு. அது ஓடினால் சுவர் அதிரும், சுவர் அதிர்ந்தால் என் தராசு ஆடும். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை நிற்கும், நான்காவது நிற்காது. அதற்காக நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எடை பார்க்கும் நேரம் வந்தால் நான் சுவரில் இரண்டு முறை தட்டுவேன். அவன் சாடிகளை மூடிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவான். விசிறியின் சுவிட்ச் என் அறையில் இருந்தது. அணைத்துவிட்டு நான்கு இலக்கமும் எழுதுவேன். முடிந்ததும் விசிறியைப் போட்டு ஒரு முறை தட்டுவேன், அவன் உள்ளே வருவான். விசிறி ஓடும்போது எடை பார்க்க நேர்ந்தால் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆடுகிற எண்ணை எழுதுவது பொய் எழுதுவது மாதிரி.

நான் எழுதுவதைக் கணினியில் ஏற்றுபவள் என் மனைவி. அவளும் நிலையத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு வரியில் மூன்று இலக்கம், ஒரு வரியில் நான்கு இலக்கம், இது என்ன கோலம் என்று ஆரம்பத்தில் கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். "அக்கா, மாமாவுக்கு உன்னைவிட அந்தத் தராசு மேலதான் பாசம்" என்றான் சல்லடை. மூன்று பேரும் சிரித்தோம்.

பத்தொன்பது வருட அளவுகள் ஒரே விஷயத்தைச் சொல்லின. எந்த முளையைப் புதர் வந்து மூடுகிறதோ, அதே வருடம் அங்கே நுண்ணுயிர் பாதியாகக் குறைகிறது, தழைச்சத்து கரைந்து வெளியேறுகிறது. புதர் மண்ணைக் கொல்கிறது என்று நான் எழுதினேன். மேலிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மேற்குச் சரிவில் இருக்கும் புதரை முழுக்க வெட்டுவது என்று முடிவாகி, நாளும் குறித்தாயிற்று. அந்த அறிக்கையின் அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

வெட்டு ஆரம்பிக்க ஒரு மாதம் இருந்தபோது, மலையில் முளைப் பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டே சல்லடை அதைச் சொன்னான். முதல் வருடம் நான் ஒரு வரிசை போட்டிருந்தேன். நிலையத்துக்கு வந்ததும் முதலில் புல் மண் பைகளைப் பிரிக்க வேண்டும், பிறகு புதர் மண் பைகள். ஏன் அப்படிப் போட்டேன் என்று இன்று நினைவில்லை. புதர்ப் பைகள் ஐந்தாறு நாள் கட்டியபடியே கிடக்கும். ஒரு முளையைப் புதர் மூடியதும் அந்தப் பை பின்வரிசைக்குப் போய்விடும். அதே வருடம் அதன் நுண்ணுயிர் குறையும். அவனுக்கு இது உறுத்தியிருக்கிறது. சென்ற வருடம் என்னிடம் சொல்லாமல் தனியாகச் சில பைகள் கொண்டுவந்து, கணக்கில் சேர்க்காமல், வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறான். புதர் மண் நன்றாக இருந்தது, காத்துக் கிடந்த புல் மண்தான் பாதியாகிவிட்டது.

"மாமா, செத்தது மலையில இல்ல. நம்ம பையில" என்றான்.

பை நன்றாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

"வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடலாம் மாமா. அந்தச் சரிவுல புதரை எடுத்துட்டா மண்ணைப் பிடிச்சு வைக்க ஒண்ணுமே இருக்காது. தப்பு ரெண்டு பேரும் செஞ்சதுன்னே எழுதுவோம். நானும் கையெழுத்துப் போடுறேன்."

அவனுக்கு அதில் தப்பே இல்லை. வரிசை என்னுடையது. என்மீது பரிதாபப்பட்டுப் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தான். அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வராது, யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் பொறுத்தான். அந்த இரண்டு வாரமும் சாப்பிடும்போது அக்காவிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை கடிதம் அனுப்பப்போவதாக வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னான்.

சனிக்கிழமை மழை. நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்தான். மனைவி அலுவலக அறையில், கட்டடத்தின் மறுகோடியில் இருந்தாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் ஆள் பேசுவதே கேட்காது, விசிறி ஓடுகிறதா நின்றதா என்று எங்கே தெரியப்போகிறது. அந்த ஆவிக்கு ஒரு இனிப்பு வாடை உண்டு. பதினைந்து வருடம் பழகியவன் மூக்குக்கு அது எட்டாது. ஜன்னல்களைக் குளிருக்காக ஒட்டி வைத்திருந்தோம். அவன் அறைக் கதவு ஈரத்தில் உப்பிக்கொள்ளும். உள்ளிருந்து இழுத்தால் வராது, வெளியே இருந்து நான் தோளால் இடித்துத் திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் எங்கள் வழக்கம்தான்.

பத்து மணிக்கு எனக்கு எடை பார்க்க வேண்டியிருந்தது. விசிறியை அணைத்தேன். தட்டவில்லை.

பதினொன்றரைக்கு விசிறியைப் போட்டுவிட்டு, கதவை இடித்துத் திறந்து, மனைவியைக் கூப்பிட்டேன். பழைய விசிறி, இழுக்கும் சக்தி போயிருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று நானும் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குறித்த நாளில் மேற்குச் சரிவைச் சுத்தமாக வெட்டினார்கள்.

என் மனைவி மூன்று வாரம் கழித்துத்தான் வேலைக்கு வந்தாள். விட்டுப்போன பக்கங்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தவள், சாயங்காலம் நோட்டோடு என் அறைக்கு வந்தாள். சனிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பதினெட்டு எடை, பக்கத்தில் நேரம், ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கம். அன்று காலை முழுக்க விசிறி ஓடியது என்று சொன்னவன் மூன்று இலக்கத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் நான்காவது இலக்கம் கண்ணெதிரே அசையாமல் நிற்கும்போது அதை எழுதாமல் விட என்னால் முடியாது. என் நோட்டுகளில் தெரிந்து எழுதிய பொய் ஒன்றுகூட இல்லை.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை.

"அவன் தட்டினானாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மழையில் எதுவும் கேட்கவில்லை என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் நான் சொன்னதைத் திருத்த வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டினான். முதலில் இரண்டு இரண்டாகத் தட்டினான், எங்கள் வழக்கப்படி. கதவைத் திறந்துவிட நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். பிறகு ஒழுங்கில்லாமல் தட்டினான். மழையையும் மீறிக் கேட்கும்படி "மாமா" என்று இரண்டு தடவை கத்தினான். அப்புறம் சுவரில் கீழே, தரைக்குப் பக்கத்தில் ஒரு முறை. மொத்தம் பதினொன்று, எண்ணினேன். ஒவ்வொரு தட்டுக்கும் தராசின் கடைசி இலக்கம் ஆடியது.

அது அடங்கும்வரை காத்திருந்துதான் எழுதினேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் இருக்கும் எடைகளை நீங்கள் நம்பலாம்.