பாறைகளை இடம் மாற்றுதல்

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறவன் அவசரப்படக் கூடாது. தண்ணீர் பதமாக ஒரு மாதம், பிறகு முதல் மீன், அது நிலைத்த பிறகு அடுத்தது. எனக்கு அந்த நிதானம் இயல்பாகவே உண்டு. அதனால்தான் நேற்று ஸ்டேஷனில் நீங்கள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக வரைபடம் போடுகிறவன் நான். என் கையெழுத்து உங்களுக்குச் சிரமம் தராது.

அக்காவை மாடிப்படியிலிருந்து தள்ளினேனா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை. அவள் விழுந்த நேரத்தில் நான் கீழே கூடத்தில் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் யார் மேலும் கை வைத்ததில்லை. நடந்ததைத் தொட்டியிலிருந்து தொடங்கிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முதலியார்பேட்டை வீட்டில் இருப்பது நானூறு லிட்டர் தொட்டி. கரையோரத் தண்ணீர் அதற்கு ஆகாது. வைத்திக்குப்பம் கன்னியப்பன் படகில் போகும்போது ஆழக் கடலில் கேன்களில் மொண்டு வந்து தருவான். முதலில் விட்டது டாம்செல் என்கிற ஒரு நீல மீன். கட்டைவிரல் நீளம்தான். ஒரு வருடம் தனியாக இருந்ததில் தொட்டி முழுவதற்கும் தன் பெயரில் பட்டா இருப்பதாக நினைத்துக்கொண்டது. பிறகு ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன் ஜோடி வாங்கி விட்டேன். இரண்டே நாளில் அவற்றின் வால் கந்தலாகிவிட்டது.

தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். புதியவற்றைத் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்துத் தொட்டியில் மிதக்கவிடு, பழகட்டும் என்றார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை வெளியே சாத்தி வை, தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டட்டும் என்றார்கள். எல்லாம் செய்து பார்த்தேன். கடைசியில் பலித்தது எளிய வழி. அடிக்கிற மீனைப் பிடித்துப் பதினைந்து நாள் வேறு தொட்டியில் போட வேண்டும். அது இல்லாத நேரத்தில் பாறைகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும். திரும்பி வரும்போது தன் பொந்து எது, எல்லை எது என்று அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் யாரும் அதிகாரம் செய்ய முடியாது. என் டாம்செல் அப்படித்தான் அடங்கியது.

நான் பாறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கொண்டுவந்த கன்னியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடல்ல எவன் சார் கல்ல நகத்தி வெக்கிறான்? அடி வாங்குனது ஓடிப் போயிடும், அவ்ளோதான்."

"இங்க எங்கப்பா ஓடும்? நாலு பக்கமும் கண்ணாடி."

"அப்ப தப்பு மீன் மேல இல்ல சார்" என்று சிரித்துவிட்டுக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு போனான்.

படிக்காதவர்கள் சில சமயம் இப்படி அழகாக எதையாவது சொல்லிவிடுவார்கள். அதை வைத்து ஒரு தொட்டியைப் பராமரிக்க முடியாது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். ஐம்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்துகொண்டேன். லினெட்டுக்கு நாற்பத்தாறு. வில்லியனூர்ப் பெண். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அவள் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தது ரோசா அக்கா. அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் பிரிந்து தெரியும். வெளியாள் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. வீடு முழுவதையும் அவள் தப்படிக் கணக்கில் வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து கதவு ஐந்து, கதவிலிருந்து அடுப்படி பதினொன்று. வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடப்பாள். ஒரு நாளும் தடுக்கி விழுந்ததில்லை.

அந்த வீடு அவளுடைய தொட்டி. லினெட் புதிதாக வந்தவள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். முதலில் பேசுவது அக்கா.

"என்ன மதாம், கொழம்புல வங்காள விரிகுடாவையே எறக்கிட்டீங்களா?"

"கண்ணுதான் மங்கல். நாக்கு மட்டும் நல்லா தீட்டி வெச்சிருக்கீங்க அண்ணி."

"வில்லியனூர்ல உப்பே கெடையாதா? இங்க வந்துதான் மொதமொதல்ல பாக்குறியா?"

"எனக்கு மாமியார்தான் கெடையாது. அதான் ஒங்கள வெச்சி ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன்."

பிறகு ஏதோ தட்டு கீழே விழுந்த சத்தம். நான் உள்ளே போனேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். லினெட் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதாயா என்று கேட்டேன். "ஐயோ, இல்லங்க" என்றாள். அடி வாங்குகிற மீன் எதுவும் புகார் சொல்வதில்லை.

கல்யாணமான முதல் வருடம் லினெட் சாயங்கால டீயை என்னோடு கூடத்தில் உட்கார்ந்து குடித்தாள். இரண்டாம் வருடம் அடுப்படியில், அக்காவின் பக்கத்தில். அவள் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு கணவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அதை நான் ஏற்க மாட்டேன்.

பொங்கல் முடிந்ததும் அக்காவை விழுப்புரத்தில் எங்கள் சித்தி மகள் வெரோனிகா வீட்டுக்கு அனுப்பினேன். இருபது நாள். அந்த இருபது நாளில் கீழே இருந்த அவளுடைய கட்டில், அலமாரி, மாதா சுரூபம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினேன். அடுப்படியில் சாமான்களின் வரிசையை மாற்றினேன். சாப்பாட்டு மேசையை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனேன். கீழ் அறை ஈரம், அக்காவுக்கு மாடிதான் காற்றோட்டம் என்று லினெட்டிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அக்கா திரும்பி வந்த அன்று கூடத்தின் நடுவில் நின்று கையை நீட்டித் துழாவினாள். கை தொட்டியின் கண்ணாடியில் போய் இடித்தது.

"தம்பி, இது நம்ம வூடுதானா?"

"நம்ம வீடுதான்க்கா."

மூன்று நாள் அவள் கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. நான் எதிர்பார்த்த அமைதி வீட்டில் இருந்தது. நாலாம் நாள் மாடியில் சிரிப்புச் சத்தம்.

"ஒம்போது தப்படி அண்ணி. நேரா பாத்ரூம்."

"யாரு தப்படி? நீ தாண்டுற தாண்டுல எண்ணுனா நான் கடலூர்ல போய் நிப்பேன்டி."

லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பயம் சிலரை இப்படித்தான் ஊழியம் செய்ய வைக்கும்.

நான் மறுபடியும் சாமான்களை மாற்றினேன். இந்தத் தடவை அக்காவை எங்கும் அனுப்பவில்லை. அவள் பூசைக்குப் போயிருந்த நேரம் போதுமானதாக இருந்தது. பத்து நாளில் அதையும் கற்றுக்கொண்டாள். வழி தெரிவதற்காகக் கதவுப் பிடிகளில் லினெட் துணி முடிந்து வைத்தாள். அவிழ்த்தது நான்தான். இருவரும் அதை அக்காவே மறதியில் அவிழ்த்ததாக நினைத்தார்கள். ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"எனக்குப் புத்தி கலங்குதாடா தம்பி? வெச்சது வெச்ச எடத்துல இல்ல."

"வயசாயிடுச்சில்லக்கா" என்றேன்.

அறுபத்தெட்டு வயதானவளிடம் வயதாகிவிட்டது என்று சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

மார்ச் மாதம் சக்கரம் வைத்த இரும்புக் கட்டில் ஒன்று வாங்கி மாடியில் போட்டேன். பெருக்கித் துடைக்க வசதி என்று லினெட்டிடம் சொன்னேன். வசதிதான். எங்கள் மாடி ஒரே கூடம், நடுவில் தடுப்பு கிடையாது. கட்டிலின் வலப்பக்கமாக இறங்கி நேரே நடந்தால் ஒன்பதாவது தப்படியில் பாத்ரூம். இடப்பக்கமாக இறங்கி நடந்தால் ஏழாவது தப்படியில் படிக்கட்டு. படிக்கட்டின் தலைப்பில் இருந்த கம்பித் தடுப்பு கடல்காற்றில் துருவேறியிருந்தது. வர்ணம் அடிப்பதற்காகக் கழற்றி மொட்டைமாடியில் வைத்தேன். "சீக்கிரம் மாட்டிடுங்க, அண்ணி பாவம்" என்றாள் லினெட். மாட்டிவிடுகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். இந்த ஊரில் அந்த நேரத்தில் கடைகளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அக்கா இரண்டு மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்குக் கோயில் மணி கேட்டுத்தான் எழுந்திருப்பாள். எழுந்ததும் வலப்பக்கமாக இறங்கி முகம் கழுவப் போவாள். பிறகு செபமாலை. மூன்று மணிக்கு நான் மேலே போனேன். சக்கரங்களுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டிருந்தேன். அவள் படுத்திருக்க, கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பினேன். கால் மணி நேரம் ஆனது. பாறையை நகர்த்தும்போதும் அப்படித்தான், தண்ணீர் கலங்கக் கூடாது. ஒருமுறை தூக்கத்தில் ஏதோ முனகினாள். நின்று காத்திருந்தேன். வெயில் முகத்தில் விழாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தினேன். பிறகு கீழே வந்துவிட்டேன்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. தீனி டப்பாவைத் திறந்தேன். மேலே அவள் எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு என்று நிதானமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காலடி. ஏழு என்று சொன்னாள். எட்டு சொல்லவில்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் நினைவு வந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். என் கையைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, "தப்பா எண்ணிட்டேன்டா தம்பி, ஒன்னயும் அலையவிட்டுட்டேன்" என்றாள். நான் திருத்தவில்லை. அந்த நிலையில் ஒரு நோயாளியைக் குழப்புவது சரியில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் லினெட் மாடியைக் கூட்டப் போனாள். தலையணை எப்போதும் இருக்கும் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைத்தான் உங்களிடம் வந்து சொன்னாள். நான் கட்டிலைத் திருப்பி வைக்கவில்லை. மூன்று நாள் அவகாசம் இருந்தது. ஒளிக்க நினைத்தவன் திருப்பி வைத்திருப்பான். இதை உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கீழே இறங்கி வந்து கேட்டாள். உனக்காகத்தான் செய்தேன், உங்கள் சண்டை தீர வேறு வழி தெரியவில்லை என்று விளக்கினேன்.

"நாங்க எப்பங்க சண்ட போட்டோம்?" என்றாள். "இந்த வூட்ல நான் சிரிச்சதே அவங்களாலதான்."

அவளால் அப்போது நிதானமாகப் பேச முடியவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில். தள்ளவில்லை. திருப்பி வைத்தேன். ஏழாவது தப்படியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் திருப்பினேன். அளக்காமல் எதையும் ஓரிடத்தில் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் இறப்பாள் என்று தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். இரண்டு முறை மாற்றியும் அடங்காததைத் தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ, அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெட்கப்பட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

லினெட் இப்போது லாஸ்பேட்டையில் தன் அண்ணன் ஜெஸ்டின் வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை. நீங்கள் அழைத்து வருவதற்கு முன் மூன்று நாள் அந்தத் தெருவில் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. அதற்காக நான் கவலைப்படவில்லை. மிரண்ட மீன் இடுக்கை விட்டு வெளியே வராது, போட்ட தீனியைத் தொடாது. கையை விட்டுத் துழாவக் கூடாது. பசிக்கும்போது தானே வரும். என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று சொன்னால் நல்லது. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் மாற்றி அடுக்க வேண்டும்.