ஈரத் துண்டு

எண்ணூர் போகும் பஸ்ஸில், டோல்கேட்டில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். புத்தகப் பேச்சை ஒட்டுக்கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“தலகாணிகிட்ட ஈரத்துண்டு வெச்சிகினு தூங்கனா வியாதியாடி?”

“யாரு?”

“அதான்டி, நாவல்ல வர்ற சிப்பாயி. சண்டைல ஈரத்துண்ட மூஞ்சில கட்டிகினு விஷவாயுலேந்து தப்பிச்சி வூட்டுக்கு வந்துட்டான். வருஷக்கணக்கா ஆகியும் துண்ட நனைச்சி வெச்சிகினுதான் படுக்கறான்.”

“ஆமா. பொண்டாட்டி எடுத்துக் காயப்போட்டாலும் மறுபடி நனைக்கறான். சண்ட முடிஞ்சாலும் பயம் அவன வுடல. எழுதனவரு அத வாயால சொல்லல, துண்ட மட்டும் காட்டறாரு. ஏன் அந்தத் துண்டுன்னுதான் டெஸ்ட்ல கேள்வியே. நீ இன்னா எழுதின?”

“முன்ஜாக்கிரதையான ஆளுன்னு எழுதினேன். மேடம் செவப்புல அடிச்சி ‘இது வியாதி’ன்னு எழுதிட்டாங்க.”

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். “லூசு! இப்டியா எழுதுவ?”

“எங்கம்மா டெய்லி வெக்குதுடி. அன்னிக்கி ராத்திரி எங்க வூட்டாண்ட கம்பெனிலேந்து கேஸ் லீக்காச்சில்ல, அதுலேந்து. எங்க தெருவுல எல்லார் வூட்லயும் தலகாணிகிட்ட துண்டு கீது. நல்ல பழக்கம்னு நெனச்சிகினு கீறேன்.”

சிரிப்பு நின்றது. தோழி மெதுவாகச் சொன்னாள்: “அவனுக்கு சண்ட முடிஞ்சிபோச்சி. அப்புறமும் வெக்கறான் பாரு, அதான் வியாதி.”

“அப்ப எங்கம்மாக்கு?”

பஸ் திருவொற்றியூரைத் தாண்டியிருந்தது. தோழி ஜன்னல் வழியே தூரத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தாள்.

“கம்பெனி இன்னும் ஓடிகினுதான கீது,” என்றாள்.