மூணு அலகுக் கத்தி

டார்சி: அது வேணாம் கெர்ரி. அடுத்தது காட்டு.

கெர்ரி: கையிலயே எடுக்கலயே டார்சி! கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே வேணாம், வேணாம்னா எப்படி?

டார்சி: பொறந்ததுலேர்ந்து மாட்டோட கிடக்கறவன் நான். மடக்குக் கத்தியப் பாத்தாலே எனக்குப் போதும்.

நோலீன்: என்னையும் அப்படித்தான் பாத்தான் கெர்ரி. ஒரே பார்வை. அடுத்த மாசம் கல்யாணம்.

டார்சி: அன்னிக்குக் கொஞ்சம் நிதானமாப் பாத்திருக்கணும்.

நோலீன்: யாரு? நீயா, நானா?

கெர்ரி: ரெண்டு பேரும் வீட்ல போய்ச் சண்ட போடுங்க. சரி, பழசு என்னாச்சு டார்சி? இடுப்புல உறை மட்டும் காலியாத் தொங்குது…

டார்சி: தொலைஞ்சுபோச்சு.

கெர்ரி: எங்க?

டார்சி: எங்கன்னு தெரிஞ்சா அது எப்படிம்மா தொலைஞ்சதாகும்?

நோலீன்: நேத்து ஆழ்குழாய்க் கிணத்துக்கிட்டன்னு சொன்ன. இன்னிக்குக் காலையில தெக்கு வேலிகிட்டன்னு சொன்ன.

டார்சி: ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ.

நோலீன்: ரெண்டுக்கும் நடுவுலதான்யா நம்ம நிலம் பூராவும் இருக்கு.

கெர்ரி: நாளைக்கு பிளங்கெட் பட்டியில கன்னுங்களுக்குச் சூடு போட்டுக் காயடிக்கறாங்களே! சுத்துவட்டாரமே வருமே! கத்தியில்லாம…

டார்சி: அதுக்குத்தான வந்திருக்கேன்.

கெர்ரி: போன வருஷம் அந்த மக்கின்லே பையன் வெறுங்கையோட வந்து, அடுத்தவங்ககிட்ட கத்தி கேட்டான் இல்ல… இன்னும் பார்ல அவனுக்கு 'இரவல்'னுதான் பேரு. பிளங்கெட் வச்ச பேரு.

டார்சி: தெரியும். நானும்தான் சிரிச்சேன்.

கெர்ரி: அப்ப இதப் பாருங்க. அலகு திறந்ததும் பூட்டிக்கும். விரல் மேல மடங்காது.

டார்சி: அது பிரிஸ்பேன்லேர்ந்து கூடாரம் போட வர்றவங்களுக்கு. சாசேஜ் வெட்டிட்டு பத்திரமாப் போவாங்க.

கெர்ரி: இது? கத்திரிக்கோல், திருப்புளி, மூடி திறக்கறது எல்லாம் இருக்கு.

டார்சி: அடுப்பு மட்டும்தான் இல்ல. வேணாம்.

கெர்ரி: சரி, உங்க வழிக்கே வர்றேன். மூணு அலகு. துருவே பிடிக்காது.

டார்சி: துருப்பிடிக்காத கத்தியில கூர் நிக்காதும்மா. நாலு காளைக்கன்னு முடியறதுக்குள்ள சாணைக்கல்லத் தேடணும். சாதா எஃகு எடு. ராத்திரி எண்ணெயத் தொட்டுத் துடைச்சா அது பாட்டுக்குக் கிடக்கும்.

கெர்ரி: இந்தாங்க. சாதா எஃகு. நீளமானது சாப்பாட்டுக்கு. நடுவுல உள்ளது கயிறு, தீவன மூட்டைக்கு. மூக்கு மொட்டையா இருக்கறது காயடிக்க.

டார்சி: அதக் கொஞ்சம் இவளுக்குச் சத்தமாச் சொல்லு.

நோலீன்: ஆரம்பிச்சிட்டான்யா…

டார்சி: கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுல, பாதிரியாரு பக்கத்துல நிக்க, என் கத்திய எடுத்து கேக் வெட்டினா பாரு…

கெர்ரி: தெரியும். அந்தக் கேக்க நானும் தின்னவதான்.

டார்சி: மொட்டை அலகால!

நோலீன்: கழுவிட்டுத்தான் வெட்டினேன்! இருபது வருஷமாச் சொல்லிக்கிட்டே திரியறான். புதுசா யாரு ஊருக்கு வந்தாலும் முதல்ல இந்தக் கதைதான்.

டார்சி: என்னைக் கேக்காம எடுத்தல்ல? ஒருத்தன் கத்திய இன்னொருத்தர் எடுக்கறது, அவன் பல்செட்ட எடுத்து வாயில மாட்டிக்கற மாதிரி. பொண்டாட்டியா இருந்தாலும் அப்படித்தான். இந்தப் பக்கத்துல யாரை வேணா கேளு.

நோலீன்: அதுக்கப்புறம் தொட்டேனா?

டார்சி: இல்ல. அத ஒத்துக்கறேன்.

நோலீன்: இது இன்னும் யாரோடதும் இல்ல. குடு கெர்ரி, பாக்கறேன். உம்… இது இறுக்கம். அந்தக் கறுப்புப் பிடி? இதுவும் இறுக்கம்…

டார்சி: கத்தி எனக்கா, உனக்கா?

நோலீன்: சும்மா கை அரிக்குது.

கெர்ரி: புது ஸ்பிரிங்கு அப்படித்தான் இருக்கும். டார்சி, நீங்களே ஒரு தடவ திறந்து மூடுங்களேன். மூடற சத்தத்தக் கேக்காம கத்தி வாங்கறவன் மடையன்னு நீங்கதான சொல்லுவீங்க?

டார்சி: கண்ணாடி கொண்டுவரல.

கெர்ரி: சத்தம் கேக்க எதுக்குக் கண்ணாடி?

நோலீன்: கெர்ரி, காயத்துல தடவற ஈ மருந்து ஒரு டின் குடேன்.

கெர்ரி: இதோ, இங்கயே…

நோலீன்: பெரிய டின். பின்னாடி இருக்கும். போய்ப் பாரு.

கெர்ரி: …சரி நோலீன். பாக்கறேன்.

டார்சி: பெரிய டின்னு வீட்ல கிடக்கே.

நோலீன்: கிடக்கட்டும். இந்தா, இந்த மரப்பிடி. இருக்கறதுலயே இது கொஞ்சம் இளக்கமா இருக்கு.

டார்சி: இளக்கம் யாரு கேட்டா?

நோலீன்: வேணுமா, வேணாமா?

டார்சி: …வாங்கு.

கெர்ரி: பெரிய டின் ஒண்ணுதான் இருந்துச்சு! என்ன, முடிவாயிடுச்சா? மரப்பிடியா… நல்ல கத்தி. நாளைக்கு பிளங்கெட்ட நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.

டார்சி: சொல்றேன். வா நோலீன், வண்டியில நாய் கத்துது.

நோலீன்: நாயி நம்மளப் பாத்ததும் அடங்கிடும். நீ வண்டிக் கதவ நல்லா இழுத்துச் சாத்து. நான் ஓட்டறேன்.

டார்சி: சாவி போட்டுட்டியே, கிளப்ப வேண்டியதுதான?

நோலீன்: பசிக்குது. முன்னாடி ஆப்பிள் இருக்கு பாரு, ஒண்ணு வெட்டிக் குடு.

டார்சி: முழுசாக் கடிச்சுத் தின்னு.

நோலீன்: பல்லு கூசுது. அதான் புதுக் கத்தி இருக்கே.

டார்சி: …இரு.

நோலீன்: இருக்கேன்.

டார்சி: ம்ம்… ச்சே!

நோலீன்: டார்சி?

டார்சி: இதுவும் மட்டமான கத்தி. அந்த கெர்ரிக்கு ஒரு மண்ணும் தெரியல. ஸ்பிரிங்கு…

நோலீன்: குடு இங்க.

டார்சி: வேணாம்!

நோலீன்: சரி. வேணாம்.

டார்சி: …பழசு தொலையல நோலீன்.

நோலீன்: தெரியும்.

டார்சி: கொட்டாயில, என் சேணத்துக்கு அடியில…

நோலீன்: சாக்குல சுத்தி வச்சிருக்க. பாத்தேன். தொடல.

டார்சி: கட்டைவிரல் சொன்ன பேச்சு கேக்கல. நகம் அலகுல இருக்கற பள்ளத்துல இறங்குது, இழுத்தா வழுக்கிடுது. குளிருக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. திறந்துட்டா ஒண்ணுமில்ல, பிடிச்சு அறுக்கறதுக்கு கை இரும்பாட்டம் நிக்குது. திறக்கத்தான் வரல.

நோலீன்: அப்ப இத்தன நாளா எப்படித் திறந்த?

டார்சி: …பல்லால.

நோலீன்: எந்த அலக?

டார்சி: எதுவா இருந்தா என்ன?

நோலீன்: உன்னத்தான் கேக்கறேன். எந்த அலக?

டார்சி: மூணயும்தான்.

நோலீன்: அட பாவி மனுஷா! காயடிக்கற அலக வாயில கவ்விட்டு, சாயங்காலம் வந்து எனக்கு முத்தம் குடுத்தியா?

டார்சி: கழுவிட்டுத்தான்…

நோலீன்: கழுவிட்டா! இருபது வருஷமா என் கேக்கப் பத்தி ஊரு பூராப் பேசின வாயா இது?

டார்சி: சிரிக்காத.

நோலீன்: நீ முதல்ல சிரிச்ச.

டார்சி: நான் சிரிக்கல… என்னமோ கண்ணுல தண்ணி வருது.

நோலீன்: வரட்டும். இங்க நம்ம ரெண்டு பேருதான்.

டார்சி: நாளைக்கு நான் வரல. வயித்து வலின்னு சொல்லிடு.

நோலீன்: சொல்ல மாட்டேன்.

டார்சி: பின்ன அத்தன பேருக்கு நடுவுல பல்லால கவ்வச் சொல்றியா? பிளங்கெட் என்ன சொல்லுவான் தெரியுமா? 'நீ போய் பட்டி கேட்டப் பாத்துக்கோ டார்சி'ன்னுவான். மரியாதையாத்தான் சொல்லுவான். கேட்டத் திற, மூடுன்னு அனுப்பினவன் எவனும் திரும்ப வந்து கத்தி பிடிச்சதில்ல. பாவம் ஜாக், அவனயும் அப்படித்தான் அனுப்பினான்… அடுத்த வருஷம் வர்றதயே விட்டுட்டான்.

நோலீன்: உம்.

டார்சி: எனக்குப் பயமா இருக்கு.

நோலீன்: தெரியுதுய்யா.

டார்சி: என்னைவிட வயசுல பெரியவன் அந்த பிளங்கெட்டு. கல்லு மாதிரி நிக்கறான். முதல் கன்னு கூண்டுல வந்து விழறப்பவே, மருந்துத் தண்ணி வாளியில அவன் கத்தி ரெடியாத் திறந்து கிடக்கும்.

நோலீன்: அவன் திறந்து பாத்திருக்கியா?

டார்சி: அதான் கிடக்கும்னு சொல்றேனே.

நோலீன்: கிடக்கறது சரி. திறக்கறதப் பாத்திருக்கியா?

டார்சி: திறக்கறது… காலையில டீ குடிக்கப் போவான். திரும்பி வர்றப்ப வாளியோட வருவான். கத்தி அதுக்குள்ள…

நோலீன்: உம். சொல்லு.

டார்சி: டீ மேசையில… அவன் பொண்டாட்டி எட்னாவா? எட்னாவா திறந்து குடுக்கறா? அவ கத்திப் பக்கம் வந்தாலே கத்துவானே!

நோலீன்: எட்னா விரலப் பாத்திருக்கியா? பாவம், டீக் கோப்பையவே ரெண்டு கையாலதான் தூக்கறா.

டார்சி: அப்ப யாரு?

நோலீன்: சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

டார்சி: நோலீன். யாரு?

நோலீன்: நான்தான். ரெண்டு வருஷமா. டீ மேசையில நான் பன்னு மூடி வச்சிருக்கற துணிக்கு அடியில வச்சுத் திறந்து குடுக்கறேன். பிளங்கெட்டு மட்டுமில்ல, இந்தப் பக்கத்துல இருக்கற அத்தன கிழவனும் ஒவ்வொருத்தனா டீக்கு வர்ற சாக்குல வந்து, யாருகிட்டயும் சொல்லிடாதன்னு கத்திய என் கையில வச்சுட்டு நிக்கறான். எங்கிட்ட வராதது உன்னோடது ஒண்ணுதான்யா.